அறுபதுக்கு ஒன்று

ரொறன்ரோவின் மோர்னிங்சைட் பக்கத்துத் தமிழருக்குள் சிவபாதத்தைத் தெரியாதவர்கள் குறைவு. அதற்காக அவரைப் பெரிய மனிதர் என்று நினைத்துவிடக் கூடாது. கோயில் நிர்வாக சபையில் அவர் இல்லை. ஊர்ச் சங்கத்தில் பதவி இல்லை. மேடையேறிப் பொன்னாடை வாங்கியதும் இல்லை. அவரிடம் ஒரு லமினேற் மெசின் இருந்தது, அவ்வளவுதான். பிறப்புச் சான்றிதழ், கலியாணப் பதிவு, பிள்ளை நடனத்தில் எடுத்த மூன்றாம் பரிசு என்று யார் எதைக் கொண்டுவந்தாலும், வீட்டுக்குக் கீழேயுள்ள பேஸ்மென்ரில் வைத்து ஐந்து நிமிடத்தில் பிளாஸ்ரிக்குக்குள் போட்டுக் கொடுப்பார். காசு வாங்கமாட்டார். தேத்தண்ணியும் அவர் செலவுதான்.

இந்தப் பித்து சும்மா வந்ததல்ல. தொண்ணூற்றைந்தாம் ஆண்டு யாழ்ப்பாணத்துச் சனம் போருக்குப் பயந்து ஒரே இரவில் ஊரைவிட்டு வெளிக்கிட்டபோது, அவருடைய சான்றிதழ்கள் இருந்த பை மழையில் ஊறிவிட்டது. விடிந்ததும் பிரித்துப் பார்த்தால் எல்லாம் ஒரே நீலம். சாதாரண தரப் பரீட்சையில் கணக்குக்கு அவர் எடுத்த அதிவிசேட சித்தியை இன்றுவரை யாருக்கும் நிரூபிக்க முடியவில்லை. கனடா வந்து முதல் வருடச் சம்பளத்தில் கட்டிலுக்கு முன்னர் வாங்கியது இந்த மெசினைத்தான். மகள் அட்சயாவின் பிறப்புச் சான்றிதழை லமினேற் செய்து ஒரு அலுவலகத்துக்குக் கொண்டுபோக, லமினேற் செய்தது செல்லாது என்று திருப்பிக் கொடுத்தார்கள். காசு கட்டிப் புதிது எடுத்தார். எடுத்து, அதையும் லமினேற் செய்தார். மனிதனைத் திருத்த முடியுமா?

வேலை மிசிசாகாவில், விமானங்களுக்குச் சாப்பாடு கட்டுகிற பெரிய சமையற்கூடத்தில். குளிர் அறைக்குள் நின்று தட்டுகளை வண்டியில் அடுக்கவேண்டும். இருபத்துமூன்று வருடமாக அதே வேலை. இரட்டைக் கையுறை போட்டாலும் இரண்டு மணித்தியாலத்தில் விரல்கள் மரத்துவிடும். பிறகு எது விரல், எது தட்டின் விளிம்பு என்று பார்த்துத்தான் தெரிந்துகொள்ளவேண்டும். அது அவருக்குப் பழகிப்போயிருந்தது. அந்த மே மாதத்துக்குப் பிறகு ஆளே அப்படி ஆனார்.

மகன் நிதுசனுக்கு இருபத்தாறு வயது. வயரிங் வேலை. அந்த மே மாதத்துச் செவ்வாய்க்கிழமை ஒன்றில், கட்டி முடியாத கட்டடம் ஒன்றில் மதியச் சாப்பாட்டுக்கு இருந்தவன் அப்படியே சரிந்துவிட்டான். வீட்டார் வைத்தியசாலைக்குப் போய்ச் சேரும்போது எல்லாம் முடிந்திருந்தது. இருதயத்தில் பிறவியிலேயே ஒரு கோளாறு இருந்திருக்கிறது, யாருக்கும் தெரியவில்லை என்றார் டொக்ரர். ஐம்பதாயிரம் பேரில் ஒருவருக்குத்தான் இப்படி நடக்கும் என்றும் சொன்னார். ஆறுதலுக்குச் சொன்னாரோ, அல்லது படித்ததை ஒப்பித்தாரோ தெரியாது.

செத்தவீட்டில் சிவபாதம் அழவில்லை. வந்தவர்களுக்குக் காரை எங்கே விடலாம் என்று சொல்லிக்கொண்டு நின்றார். மனைவி சந்திரவதனா இரண்டு தரம் மயங்கி விழுந்தா. அவர் தண்ணீர் தெளித்தார். முப்பத்தோராம் நாள் காரியத்துக்கு எத்தனை பேருக்குச் சாப்பாடு, எத்தனை கதிரை என்று எல்லாம் அவரே பார்த்தார். கதிரையில் ஒன்றுகூடக் குறையவில்லை. 'மனுசன் கல்லுப்போல நிக்குது' என்று சனம் பேசியதும் அவர் காதில் விழுந்தது. அவர் கல்லாக நிற்கவில்லை. உள்ளே ஒன்றும் வரவில்லை, அவ்வளவுதான். வந்தால் அழமாட்டாரா?

முப்பத்தொன்று முடிந்து மூன்றாம் நாள், வைத்தியசாலையில் கொடுத்துவிட்ட பையைச் சந்திரவதனா திறந்தா. அதற்குள் நிதுசனின் பேர்ஸ் இருந்தது. லைசென்ஸ், பஸ் கார்ட், ஒரு நீளமான கடைத் துண்டுச் சீட்டு. சாமான் வாங்கின துண்டு என்று குப்பையில் போடப்போனவவை அட்சயா தடுத்தாள்.

"அம்மா, நோ! அது அண்ணான்ர பெற் துண்டு, பந்தயம் கட்டினது. மார்ச்ல வாகீசன் அண்ணையின்ர கடையில போட்டவர். ஜேய்ஸ் வேர்ல்ட் சீரிஸ் வெல்லும் எண்டு."

நிதுசன் பேஸ்போல் பைத்தியம். ஜேய்ஸ் ரொறன்ரோவின் அணி, வேர்ல்ட் சீரிஸ் வருடக் கடைசியில் நடக்கும் இறுதிச் சுற்று. அப்பனுக்கும் மகனுக்கும் அதில் ஒத்துவராது. "உது சூது தம்பி" என்பார் இவர். "இருவது டொலர் தானே அப்பா" என்பான் அவன். அதற்கு மேல் இருவரும் அதைப் பற்றிப் பேசியதில்லை. ஆகவே அந்தத் துண்டில் என்ன எழுதியிருக்கிறது என்று அவருக்கு விளங்கவில்லை. அட்சயாதான் விளங்கப்படுத்தினாள்.

"ஒட்ஸ் சிக்ஸ்டி ரு வன், அப்பா. அறுவதுக்கு ஒண்டு. சீசன் தொடங்கேக்க ஒருத்தரும் ஜேய்ஸை நம்பேல்லை. அதுதான் அவ்வளவு குடுக்கினம். வெண்டா, போட்ட இருவதும் சேர்த்து ஆயிரத்து இருநூற்றிருவது டொலர்."

"இப்ப அது முடிஞ்சுதோ?"

"இல்லை. ஒக்ரோபர் மட்டும் போகும். இற்ஸ் ஸ்ரில் ஓப்பின்."

சந்திரவதனா ஒரு மாதமாக வாய் திறந்து சரியாக ஒரு வசனம் பேசாதவ. அன்று துண்டைக் கையில் வைத்துக்கொண்டு சொன்னா: "அம்பதாயிரத்தில ஒண்டு எங்கட வீட்டை தேடி வந்தது. அறுவதில ஒண்டு வராதோ?"

பிறகு துண்டை அவரிடம் நீட்டினா. "பத்திரமா வையுங்கோ. பிள்ளை துவங்கினதில முடியாம இருக்கிறது இது ஒண்டுதான்."

பத்திரம் என்றால் சிவபாதத்துக்கு ஒரே ஒரு வழிதான் தெரியும். கடைத் துண்டுகள் நாட்பட மங்கிப்போகும் என்பதும் அவருக்குத் தெரியும். பிரிட்ஜ் வாங்கிய துண்டு ஒரு வருடத்தில் வெறும் வெள்ளையாகி, உத்தரவாதம் கேட்கப் போய் வெறுங்கையுடன் வந்தவர். ஒக்ரோபர் வரை நாலு மாதம் இருக்கிறது. எழுத்து அழிந்துவிட்டால்? பேஸ்மென்ருக்குப் போனார். மெசினைச் சூடாக்கினார். பச்சை விளக்கு எரிந்ததும், துண்டைப் பிளாஸ்ரிக் உறைக்குள் நேராக வைத்து, மூலை மடியாமல் தடவி, உள்ளே விட்டார்.

வெள்ளையாக உள்ளே போனது கறுப்பாக வெளியே வந்தது.

அந்தக் கடதாசியில் மை என்று ஒன்றுமே இல்லை. சூடு பட்ட இடம் கறுக்கிற கடதாசி அது. கடை மெசின் அதில் எழுத்துகளைச் சுட்டுத்தான் எழுதுகிறது. முழுத் துண்டையும் சுட்டால் முழுதும் எழுத்தாகிவிடும். இருபது வருடத்துக்கு மேலாக ஊர்ச்சனத்தின் கடதாசிகளை எல்லாம் காப்பாற்றிக் கொடுத்தவருக்கு இது தெரியாமல் போயிற்று. திகதி இல்லை, அணியின் பெயர் இல்லை, அறுபதும் இல்லை. கோடுகோடாய் இருந்த பார்கோட்டும் இல்லை. அவர் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். சரித்துப் பார்த்தார். பிறகு பைலுக்குள், வீட்டு உறுதிப் பத்திரத்துக்குப் பின்னால் வைத்தார். மேலே வந்து, "வச்சிருக்கிறன்" என்றார். பொய் இல்லை.

அப்போதும் அழுகை வரவில்லை.

இரண்டு கிழமை கழித்து வாகீசனின் கடைக்குப் பால் வாங்கப் போனார். போகிற போக்கில் கேட்பவர்போலக் கேட்டார்: "தம்பி, உந்தப் பெற் துண்டு கறுத்துப்போனா என்ன செய்யிறது?"

"சூட்டில வச்சா கறுத்திடும் அண்ணை. போன கோடை ஒராள் காருக்குள்ள கண்ணாடிப் பக்கம் வச்சிட்டு வந்து நிண்டவர்."

"பிறகு?"

"அதில ஒரு நீட்டு நம்பர் இருக்கும். அது தெரிஞ்சா எழுதிப்போட்டுப் பாக்கலாம். நம்பரும் தெரியாட்டி வெறும் கடதாசிதான். ஏன் கேக்கிறியள்?"

"வேலையில ஒரு பெடியன் கேட்டவன்."

பாலை மறந்துவிட்டு வந்தார்.

அன்றிலிருந்து அவர் கணக்குப் பார்க்கத் தொடங்கினார். ஏன் என்று கேட்டால் அவருக்கே சொல்லத் தெரியாது. வேலை இடைவேளையில், மற்றவர்கள் சாப்பிடும்போது, போனில் பந்தயக் கொம்பனியின் பட்டியலைத் திறப்பார். முப்பது அணிகள், முப்பது எண்கள். எண் பெரிதென்றால் நம்பிக்கை குறைவு. ஜூன் கடைசியில் ரொறன்ரோவுக்கு முப்பது. ஜூலையில் பதினெட்டு. செப்ரெம்பரில் பத்து. ஒருநாள் முப்பது அணிகளின் எண்களையும் வீதமாக்கிக் கூட்டிப் பார்த்தார். நூறு வரவேண்டிய இடத்தில் நூற்றிருபதுக்கு மேல் வந்தது. தன் கணக்கில்தான் பிழை என்று மூன்று தரம் கூட்டினார்.

"உங்கட கணக்குச் சரி, அப்பா" என்றாள் அட்சயா. "மேல நிக்கிறது கொம்பனியின்ர பங்கு. ஒட்ஸ் எண்டா சான்ஸ் இல்லை. அவை விக்கிற விலை."

விருதுகளுக்கும் விலை இருந்தது. வருடத்தின் சிறந்த ஆட்டக்காரன் யார், சிறந்த பந்தெறிகாரன் யார், புதிதாக வந்தவர்களில் சிறந்தவன் யார் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு பட்டியல். முன்னுக்கு நின்ற ஒருவன் முழங்கையைப் பிடித்துக்கொண்டு மைதானத்தில் இருந்தால், அவனை வெளியே கூட்டிக்கொண்டு போகுமுன் பட்டியலில் அவன் எண் மாறிவிடும். இரண்டு நாளில் பெயரே இராது. மற்றவர்களின் எண்கள் கொஞ்சம் கொஞ்சம் நகர்ந்து அவன் இடத்தை மூடிவிடும். சிவபாதம் அதைப் பார்த்துக்கொண்டிருப்பார். அவருக்கு அது கொடுமையாகத் தெரியவில்லை. தன் வீட்டில் மட்டும் சாப்பாட்டு மேசையின் நாலாவது கதிரை ஏன் அப்படியே நிற்கிறது என்றுதான் யோசித்தார்.

வீட்டில் சந்திரவதனாவும் பார்க்கத் தொடங்கியிருந்தா. ஆட்டத்தின் தலைகால் தெரியாது. அட்சயாவின் பக்கத்தில் இருந்து, யார் எங்கே ஓடினாலும் "உவன் எங்கட ஆளோ?" என்று கேட்பா. வென்றால் நிதுசனின் படத்துக்கு முன்னால் போய், "தம்பி, இண்டைக்கும் வெண்டாச்சு" என்று சொல்லிவிட்டு வருவா. கொஞ்சம் சாப்பிடவும் தொடங்கினா. சொந்தக்காரர் போன் எடுத்தால் அணியின் கதைதான். "எங்கட பிள்ளை அறுவதுக்கு ஒண்டில பிடிச்சது. இப்ப எட்டுக்கு வந்திட்டுது" என்று சொல்லும்போது, மகன் ஏதோ பரீட்சையில் முதலாம் பிள்ளையாக வந்துகொண்டிருப்பதுபோல அந்தக் குரல் இருக்கும். அதைக் கேட்டால் சிவபாதம் எழும்பிப் பேஸ்மென்ருக்குப் போய்விடுவார்.

சொல்லியிருக்கலாம். ஒரு வசனம்தான். ஜூலையில் சொல்லியிருந்தால் ஜூலையோடு போயிருக்கும். நாளைக்கு, நாளைக்கு என்று விட்டார். விட்டால் தானாகத் தோற்றுப்போவார்கள், சொல்லத் தேவையே வராது என்று நம்பினார். தோற்கும் என்று அறுபது பேர் சொன்னால் ஒருவர்தான் இல்லையென்பார் என்கிற அணி அல்லவா? அந்தப் பாழாய்ப்போன அணி தோற்கவே மாட்டேன் என்று நின்றது.

அந்த வருடம் அவர்கள் வீட்டில் தீபாவளி இல்லை. துக்க வருடம். எண்ணெய்ச் சட்டி வைக்கவில்லை, புது உடுப்பு இல்லை. அன்றைக்குத்தான் ரொறன்ரோ இறுதிச் சுற்றுக்குள் போனது. தெருவெல்லாம் கார்கள் ஹோர்ன் அடித்துக்கொண்டு போயின. அட்சயா கத்திக்கொண்டு எழும்பித் தாயைக் கட்டிப்பிடித்தாள். சந்திரவதனா சிரித்தா. மே மாதத்துக்குப் பிறகு முதல்முறை சிரித்தா. இன்னும் நாலு ஆட்டம் வென்றால் அந்தத் துண்டை எடுத்து மேசையில் வைக்கவேண்டும்.

சிவபாதம் கராஜுக்குப் போய்க் காருக்குள் இருந்தார். ஐந்து மாதத்தில் அவருக்கு வந்த முதல் உணர்ச்சி பயம். பிள்ளையாரே, இவங்கள் தோக்கவேணும் என்று வேண்டினார். தோற்றால் நூற்றெட்டுத் தேங்காய் உடைப்பதாக நேர்ந்தார். நேர்ந்த பிறகுதான் தான் என்ன கேட்டோம் என்பது அவருக்கு விளங்கியது. செத்த பிள்ளையின் பந்தயம் தோற்கவேண்டும் என்று பெற்ற தகப்பன் நேர்த்தி வைத்திருக்கிறார். கடைசியாக அவன் ஆசைப்பட்ட ஒன்று. வெட்கமாக இருந்தது. ஆனாலும் அவர் நேர்த்தியைத் திருப்பி எடுக்கவில்லை.

இறுதிச் சுற்று ஏழு ஆட்டம். நகரமே அணியின் நீலச் சட்டை போட்டுக்கொண்டு திரிந்தது. வேலையிடத்தில் விமானத் தட்டுகளுக்குக்கூட நீல நாப்கின் வைத்தார்கள். ஐந்து ஆட்டம் முடிய ரொறன்ரோ மூன்றுக்கு இரண்டு என்று முன்னுக்கு நின்றது. போனில் எண் இரண்டுக்கும் கீழே போயிற்று. அறுபதுக்கு ஒன்று என்று கிடந்த அணி, இப்போது வெல்லப்போகிற அணி. அந்தக் கிழமை முழுக்கச் சந்திரவதனா பேசவில்லை. ஆட்டம் பார்ப்பா, எழும்பிப் போவா. படத்துக்கு முன்னால் போய் ஒன்றும் சொல்லவில்லை. பதற்றம் என்று அட்சயா சொன்னாள். சிவபாதமும் அப்படித்தான் நினைத்தார்.

ஆறாவது ஆட்டம் தோற்றது. ஏழாவது சனிக்கிழமை. சிவபாதத்துக்கு அன்று வேலை. மேற்பார்வையாளர் றொய்சன் சட்டத்தைக் கொஞ்சம் தளர்த்தி, குளிர் அறை வாசலில் ரேடியோ வைத்திருந்தான். ரொறன்ரோ முன்னுக்கு நின்றது. நெடுநேரம் முன்னுக்கு நின்றது. சிவபாதம் தட்டுகளை அடுக்கினார். வெல்ல இன்னும் இரண்டே பேரை வெளியேற்றவேண்டும் என்றபோது மற்றப் பக்கத்தான் ஒருவன் பந்தைத் தூக்கி அடித்தான். ஆட்டம் சமம். பதினோராவது சுற்றில் தோற்றுப்போனது. றொய்சன் தொப்பியைக் கழற்றி நிலத்தில் அடித்தான். பக்கத்தில் நின்ற பஞ்சாபிப் பெண் கையுறையோடு முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். சிவபாதம் ஒரு வெண்ணெய்ப் பெட்டியின்மேல் இருந்தார். எல்லோரும் அவரும் கவலையில் இருக்கிறார் என்று நினைத்தார்கள். அவருக்கு வந்தது நிம்மதி. தண்ணீருக்குள் அமிழ்ந்தவன் தலையை வெளியே நீட்டியதுபோல ஒரு நிம்மதி.

மறுநாள் மணிக்கூடுகளை ஒரு மணித்தியாலம் பின்னுக்கு வைக்கும் ஞாயிறு. சந்திரவதனா குசினியில் தேத்தண்ணியோடு இருந்தா. அழுதுகொண்டிருப்பா என்று நினைத்து வந்தவர், அப்படி இல்லாததைக் கண்டு வாசலிலேயே நின்றார்.

"தோத்துப்போச்சு" என்றார்.

"ஓம். பாத்தனான்." கோப்பையைக் கீழே வைத்தா. "இஞ்சேருங்கோ, அந்தத் துண்டை எடுத்துக்கொண்டு வாங்கோ."

"தோத்த துண்டை என்னத்துக்கு?"

"தோத்ததாலதான் கேக்கிறன். போன கிழமை வாகீசன்ர கடைக்குக் கறிவேப்பிலை வாங்கப் போனனான். வெண்டா என்ன செய்யிறது எண்டு கேட்டனான். வெண்டா துண்டைத் தங்களிட்டக் குடுத்திடவேணும், திருப்பித் தரமாட்டம் எண்டான். எனக்கு நெஞ்சு நிண்டுபோச்சு. காசை வச்சு நான் என்ன செய்ய? அது அவன்ர கைபட்ட கடதாசி. அண்டையில இருந்து..." அவ நிறுத்தினா. "தோத்தா ஒருத்தரும் கேக்கமாட்டினமாம். எங்களோடயே இருக்கும். கொண்டு வாங்கோ, படத்தோட வைப்பம்."

சிவபாதம் பேஸ்மென்ருக்கு இறங்கினார். பைலை எடுத்தார். துண்டை உருவிக் கொண்டுவந்து மேசையில் வைத்தார்.

அவ கையில் எடுத்தா. திருப்பினா. மறுபடி திருப்பினா.

"என்னப்பா இது?"

"லமினேற் பண்ணினனான். கறுத்துப்போச்சு."

"எப்ப?"

"நீர் தந்த அண்டைக்கே."

அவ கத்தவில்லை. பிளாஸ்ரிக்கின்மேல் விரலால் தடவிக்கொண்டு இருந்தா. ஐந்து மாதத்தை ஒவ்வொரு நாளாகப் பின்னுக்குப் போய்ப் பார்க்கிற முகம். "அப்ப நீங்களும் தோக்கவேணும் எண்டுதான் இருந்தனீங்களோ?"

"ஓம்" என்றார். "நேர்த்தியும் வச்சனான்."

அவ துண்டைக் கோப்பைக்குப் பக்கத்தில் வைத்தா.

"பிள்ளை பாவம்" என்றா சந்திரவதனா. "ஊரெல்லாம் அவன்ர பக்கம் நிண்டது. பெத்த ரெண்டு பேரும் நிக்கேல்லை."

அப்போதுதான் சிவபாதத்துக்கு வந்தது. முதலில் தோள்கள் குலுங்கின. பிறகு வாயைத் திறந்து, செத்தவீட்டில் அழவேண்டிய அழுகையை எல்லாம் அழுதார். சத்தம் கேட்டு மாடியிலிருந்து ஓடிவந்த அட்சயா வாசலில் நின்றுவிட்டாள். அப்பா அழுது அவள் பார்த்ததே இல்லை. ஆட்டம் தோற்றதற்கா இவ்வளவு அழுகை என்று தாயைப் பார்த்தாள். சந்திரவதனா அவளை இருக்கச் சொன்னா. அட்சயா அண்ணாவின் அந்த நாலாவது கதிரையை இழுத்து இருந்தாள்.